புரியலைங்க சார்

டியூஷனுக்குப் போவதை மறைத்து வைத்த காலம் ஒன்று இருந்தது என்றால் இன்றைக்கு எந்தப் பிள்ளையும் நம்பாது. பையன் மக்கு, பள்ளிக்கூடத்தில் சொல்வது மண்டையில் ஏறவில்லை, அதனால் தனியாகக் காசு கொடுத்து ஏற்றுகிறார்கள் என்று ஊர் பேசும் என்பதால், நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கன்றுக்குட்டியைத் தேடிப் போகிற பாவனையில் தெருவைக் கடந்தவர்கள் நாங்கள்; எங்கள் வீட்டில் கன்றுக்குட்டியே கிடையாது என்பது தெருவுக்கே தெரியும் என்பது வேறு விஷயம். நீங்களும் அந்த வயதுக்காரர் என்றால், அட்டை வியர்வையில் நனைந்து வயிற்றில் சாயம் இறங்கியது உங்களுக்கும் நினைவிருக்கலாம். இப்போது திருப்பூரில் என் மகள் வயிற்றுப் பேத்தியைச் சேர்த்திருக்கிற கோச்சிங் சென்டரில், பணம் கட்டிய அன்றே ஒரு டி-ஷர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். முன்பக்கம் ‘வருங்கால அதிகாரி’, முதுகில் சென்டரின் பெயர், கிளைகளின் பட்டியல், செல்போன் எண். நல்ல காட்டன், 180 ஜிஎஸ்எம் இருக்கும். பனியன் கம்பெனியிலேயே தலை நரைத்தவன் என்பதால் தொட்டதும் துணியின் எடை தெரிந்துவிடுகிறது. அவள் அதைப் போட்டுக்கொண்டு கல்யாண மண்டபத்துக்கே வருகிறாள். அங்கே மற்ற அம்மாக்கள் அவள் முதுகை நின்று படிக்கிறார்கள்.

அவள் எழுதப் போவது சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வு. அந்தப் பள்ளி இருக்கிற அமராவதி நகரில்தான் நான் வளர்ந்தேன். உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டர். பஸ் திரும்புகிற இடத்துக்கு அப்பால் அணையும் ஆனைமலையும்தான். அணை கட்டி முடித்தது 1957-ல். அதன் காலடியில் 1962 ஜூலை 16 அன்று சைனிக் பள்ளி தொடங்கியது. அப்போது நாங்கள் கோயம்புத்தூர் மாவட்டக்காரர்கள்; 2009-ல் திருப்பூர் தனி மாவட்டமானபோது, பிழைப்புக்காக நான் எந்த ஊருக்கு ஓடினேனோ அந்த ஊரின் பெயரே என் சொந்த ஊர் முகவரியிலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். சொன்ன நேரத்துக்கு மதகைத் திறப்பதும் அடைப்பதும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாய்க்கால் கரையோடு போய் எங்கே உடைப்பு, யார் மடையை ராத்திரியில் திருப்பியிருக்கிறார்கள் என்று பார்த்து வருவதும் அவர் வேலை. விடிகாலையில் சைனிக் பையன்கள் அணிவகுப்புப் பழகும் சத்தம் எங்கள் குடியிருப்பு வரைக்கும் வரும். அப்பா பல் துலக்கிக்கொண்டே கேட்பார். அப்படியே என்னைப் பார்ப்பார். யார் வந்தாலும் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் பதுங்குகிற, பெயரைக் கேட்டால் கால் கட்டைவிரலைப் பார்க்கிற பிள்ளை நான். ‘இவனையா பட்டாளத்துக்கு அனுப்பறது?’ என்கிற கேள்வி நுரையோடு அவர் வாயில் நிற்கும், பிறகு துப்பிவிடுவார்.

எழுபதுகளின் கடைசியில், நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, ஒருநாள் துப்பாமல் விட்டுவிட்டார் போலிருக்கிறது. பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்த ஒரு வாத்தியாரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

“பெருசாப் படிப்பெல்லாம் வேண்டாமுங்க சார். நாலு பேருக்கு முன்னால வாயைத் தொறந்து பேசுனாப் போதுமுங்க.”

“அதுதானுங்க பெரும்பாடு,” என்றார் சார். “கணக்குன்னாச் சொல்லிக் குடுத்துரலாம்.”

இன்றைய சட்டம் அந்த சாரை விடாது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, பள்ளி ஆசிரியர் தனி டியூஷன் எடுக்கவே கூடாது என்கிறது. நியாயமான சட்டம்தான், வகுப்பில் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை வீட்டில் விற்றவர்களும் இருந்தார்கள். எங்கள் சாருக்கு அந்த வியாபாரம் கைவரவில்லை. காசு இருந்தால் காசு, இல்லாவிட்டால் தேங்காய், அதுவும் இல்லாவிட்டால் “அறுப்பு முடிஞ்சு பார்த்துக்கலாம்.” பேத்தியின் சென்டரில் மூன்று தவணை; தவணை தப்பினால் செல்போனுக்கு ஒரு நினைவூட்டல் வரும், அதில் கை கூப்பிய பொம்மை ஒன்றும் இருக்கும். மரியாதையில் குறையே சொல்ல முடியாது.

சார் வீட்டு வாசலில் சாணி மெழுகிய தரையில் சாக்கை விரித்து வட்டமாக உட்காருவோம். நடுவில் அரிக்கேன் விளக்கு. எல்லாருக்கும் எல்லாமே புரியும். “புரிஞ்சுதா?” என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் “புரிஞ்சுதுங்க சார்” என்று கோரஸாக வந்துவிடும், வகுப்பில் பழகிய கோரஸ் அது, அதைச் சொன்னால் வாத்தியார் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார் என்பது உலகத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சார் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு விதி போட்டார்: புரியாதது ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். “புரியலைங்க சார்” என்று சொல்லாதவன் சாக்கிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதில் முதலில் மாட்டிக்கொண்டவர்கள் நன்றாகப் படிக்கிறவர்கள்தான். எல்லாம் தெரிந்த பையன் ஒருவன் பசியோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில், “எதுக்குங்க சார் ஆறு ஏழு நாப்பத்திரண்டு?” என்று அழாக்குறையாகக் கேட்டான். சார் முகம் மலர்ந்து, புளியங்கொட்டைகளை ஆறு ஆறாக ஏழு வரிசை அடுக்கிக் காட்டினார். அதுவரைக்கும் வாய்ப்பாடு என்பது ஒப்பிக்கத்தான் என்று இருந்த எங்களுக்கு, அதை எண்ணியும் பார்க்கலாம் என்பது செய்தியாக இருந்தது.

என் முறை வந்தபோது நான் குழாய்க் கணக்கைச் சொன்னேன். உங்களையும் அது வாட்டியிருக்கும். ஒரு தொட்டியை முதல் குழாய் 6 மணி நேரத்தில் நிரப்பும், இன்னொரு குழாய் 12 மணி நேரத்தில் காலி செய்யும். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் தொட்டி எப்போது நிரம்பும்? சார் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

“உங்கப்பா தினமும் நோட்டுல என்ன எழுதறாரு?”

“வரத்து எத்தனை கன அடி, வெளியில போறது எத்தனைன்னு எழுதுவாருங்க சார்.”

“வர்றது ரெண்டு பங்கு, போறது ஒரு பங்குன்னா அணையில என்ன ஆகும்?”

“ஒரு பங்கு நிக்குமுங்க சார்.”

“தொட்டியைப் பன்னிரண்டு பங்காப் போட்டுக்க. ஒரு மணிக்கு ரெண்டு பங்கு வருது, ஒண்ணு போகுது. இப்பச் சொல்லு.”

பன்னிரண்டு மணி நேரம் என்று சொன்னது என் குரல்தான் என்பது எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. அப்பாவின் நோட்டும் என் நோட்டும் ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கின்றன என்கிற விவரத்தைத் தலைகால் புரியாத சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடிப் போய்ச் சொன்னேன். அப்பா கணக்கை முழுவதும் கேட்டுவிட்டு, “ரெண்டையும் ஒண்ணா எவன்டா தொறந்துவிட்டான்? அவனை முதல்ல சஸ்பெண்ட் பண்ணச் சொல்லு,” என்றார்.

அப்போதெல்லாம் சைனிக் பள்ளிக்கு எழுத்துத் தேர்வு முடிந்தால் நேர்காணலும் உண்டு. அதற்கும் சார் ஒத்திகை வைத்தார். ஒரு பையனைக் கவிழ்த்த உரல் மேல் உட்காரவைத்துத் தன் கோட்டைப் போர்த்திவிடுவார், அவன்தான் அதிகாரி. அதிகாரி என்னிடம் அப்பா என்ன வேலை என்று இங்கிலீஷில் கேட்பான். “மை ஃபாதர் இஸ் எ லஸ்கர் சார்” என்று சொல்லி நான் தலையைத் தொங்கப்போடுவேன். சாருக்குக் கோபம் வந்தது அந்த ஒரு விஷயத்தில்தான். “லஸ்கர்னா வடக்கத்தி ஆபீசருக்கு என்னடா தெரியும்? அவர் என்ன பண்றாருன்னு சொல்லு.” அப்பாவைக் கேட்டு வரச் சொன்னார். பழைய ஆயக்கட்டு 29,387 ஏக்கர், புது ஆயக்கட்டு 25,250 ஏக்கர் என்று அப்பா தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். மறுநாள் நான் நெஞ்சை நிமிர்த்தி, “மை ஃபாதர் கிவ்ஸ் வாட்டர் டு ஃபிஃப்டி ஃபோர் தௌசண்ட் ஏக்கர்ஸ் சார்” என்றேன். உரல் மேல் இருந்த அதிகாரி மரியாதையாக எழுந்து நின்றுவிட்டான். “நடுவுல இன்ஜினியர், கலெக்டர் எல்லாம் இருக்காங்களேங்க சார்?” என்று ஒருவன் சந்தேகம் கிளப்ப, “அவங்க அவங்க பிள்ளைங்க சொல்லிக்குவாங்க,” என்றார் சார்.

இவ்வளவு கறாரான படிப்புக்கு நடுவிலும் நாங்கள் நிஜத்தில் காத்திருந்தது ஆடிக் காற்றுக்குத்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புறப்பட்டு வருகிற அந்தக் காற்றுக்கு அரிக்கேன் கண்ணாடி ஒரு பொருட்டில்லை. விளக்கு அணையும், சார் தீப்பெட்டியைத் தேடுவார், பக்கத்து வீட்டு டிரான்சிஸ்டரில் இலங்கை வானொலி சட்டென்று அருகில் வந்துவிடும், சாரின் சம்சாரம் இருட்டிலேயே கை நீட்டிக் கொடுக்கிற வறுத்த கடலையில் யாருக்கு எத்தனை வந்தது என்கிற கணக்கை மட்டும் எந்தக் குழாயும் இல்லாமல் நாங்கள் துல்லியமாகப் போடுவோம். மூன்றாவது தடவையும் அணைந்தால் “போங்கடா, நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்பார். அன்றைக்கு விளக்கை அணைத்த காற்றை இன்றைக்கு உடுமலைச் சுற்றுவட்டாரத்தில் காற்றாலைகள் பிடித்து மின்சாரமாக்குகின்றன. பேத்தியின் சென்டரில் இன்வெர்ட்டர் வேறு இருக்கிறது. விளக்கு அணைவதேயில்லை, ஆகவே யாரும் பாதியில் வீட்டுக்குப் போவதுமில்லை. இருட்டில் கடலை தின்பதற்கான வசதியை இந்த நாட்டில் யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

சைனிக் பள்ளிப் பட்டியலில் என் எண் வரவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் உறவுக்காரர் கல்யாணத்தில், யாரோ என் பெயரைக் கேட்டதற்கு நான் பெயர், ஊர், வகுப்பு, அப்பாவின் ஆயக்கட்டு வரைக்கும் மூச்சு விடாமல் ஒப்பித்ததைக் கேட்டுக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருந்தார். “போதும் கண்ணு, அவங்க சாப்பிடட்டும்,” என்று கடைசியில் அவர்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

வளர்ந்து, பட்டம் வாங்கி, ஏற்றுமதி சூடுபிடித்த காலத்தில் திருப்பூர் வந்து மெர்ச்சண்டைசர் ஆனேன். சாக்கில் உட்கார்ந்து படித்த பாடம் அங்கேதான் சம்பளத்துக்கு ஆயிற்று. வெளிநாட்டு பையர் லேப் டிப் என்கிற சாய மாதிரித் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தன் ஊர் உச்சரிப்பில் ஏதோ சொல்வார். டையிங் மாஸ்டர், கட்டிங் மாஸ்டர், முதலாளி எல்லாரும் தலையாட்டுவார்கள். எனக்கு அந்தக் கோரஸ் பழைய சத்தமாகக் காதில் விழும். “எனக்குப் புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்” என்பேன். முதலாளி என்னை முறைப்பார், பையர் சிரிப்பார், நீலத்தில் கொஞ்சம் பச்சை கூடியிருக்கிறது என்று இந்த முறை நிதானமாகச் சொல்வார். ஒரு லோடு துணி தப்பிக்கும். சாயம் ஏறிய பிறகு புரிந்துகொள்வதைவிட அது மலிவு என்பதை முதலாளி ஒத்துக்கொள்ளவே இல்லை. ஆனால் அடுத்த மீட்டிங்குக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்.

நான் படித்து, பிறகு துணியை எண்ணிக்கொண்டிருந்த இந்த இடைவெளியில் டியூஷன் வெட்கம் விட்டு வெளியே வந்துவிட்டது. 1978-ல் பிளஸ் டூ வந்தது, பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி டியூஷன் மாடிகள் முளைத்தன. 1984-ல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது, கோச்சிங் சென்டர்கள் முளைத்தன. 2007-ல் நுழைவுத் தேர்வைத் தூக்கினார்கள், சென்டர்கள் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிக்கொண்டன. 2017-ல் நீட் வந்தது, பலகைக்கு விளக்கும் போட்டுவிட்டார்கள். ஆசிரியர்களும் அதிகாரிகளும் தேர்வை வைப்பதா எடுப்பதா என்று எந்த முடிவுக்கு வந்தாலும் வாசலில் செருப்புக் குவியல் குறையவில்லை. 2025-ல் மத்திய அரசு எடுத்த கல்விக் கணக்கெடுப்பில், நாட்டில் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 27 பேர் தனிப் பயிற்சிக்குப் போகிறார்கள் என்று வந்திருக்கிறது. எங்கள் தெருவில் எடுத்திருந்தால் தொகை இதைத் தாண்டியிருக்கும். எங்கள் காலத்தில் எடுத்திருந்தால் சைபர் வந்திருக்கும், எல்லாரும் கன்றுக்குட்டி தேடப் போனதாகத்தான் எழுதிக் கொடுத்திருப்போம்.

இப்போதைய சைனிக் தேர்வு அகில இந்தியத் தேர்வு. தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. ஆறாம் வகுப்புக்கு 150 நிமிடத்தில் 125 கேள்வி, மொத்தம் 300 மார்க், அதில் பாதி கணக்குக்கு. உரல் மேல் உட்கார்ந்து அப்பா என்ன வேலை என்று கேட்க யாருமில்லை. நாலில் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். 2021 முதல் பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதால்தான் பேத்திக்கு இந்த ஆசையே வந்தது. நாங்கள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்த மைதானத்தில் ஒரு லஸ்கரின் கொள்ளுப்பேத்தி சீருடையில் நடக்கலாம் என்கிற ஒன்றுக்காகவே இந்தக் காலத்தை நான் முழுசாகத் திட்ட முடியாமல் தவிக்கிறேன். தப்பான விடைக்கு மார்க் குறைப்பதும் கிடையாதாம். அதனால் சென்டரில் முதல் பாடமே, “தெரியாட்டியும் ஒண்ணை விடாம நிரப்பு” என்பதுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லாதவனை வீட்டுக்கே விடாத ஒரு சாரிடம் படித்தவனுக்கு இதைக் கேட்டதும் கொஞ்சம் தலை சுற்றியது. ஆனால் பயமில்லாமல் நிரப்புகிறாள். அதுவும் ஒரு தைரியம்தான்; பின்னால் ஒரு கம்பெனி நடத்த உதவும்.

சிகாகோவில் பெஞ்சமின் புளூம் என்ற கல்வியாளர் 1984-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பிள்ளைக்குத் தனியாக ஒருவர் உட்கார்ந்து, புரிந்த பிறகே அடுத்த பாடத்துக்குப் போனால், சாதாரணப் பிள்ளையும் வழக்கமான வகுப்பில் நூற்றுக்கு 98 பேரைத் தாண்டிவிடும் என்றார். பின்னால் வந்தவர்கள் ஆராய்ந்து, அவ்வளவெல்லாம் இல்லை, ஆனாலும் பலன் உறுதி என்று கொஞ்சம் இறக்கிச் சொன்னார்கள். பலனெல்லாம் பக்கத்தில் உட்காருகிற அந்த ஒருவரிடம்தான் இருக்கிறது. பேத்தியின் சென்டரில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, மாக் டெஸ்ட் இருக்கிறது, ராத்திரி ஒன்பது மணிக்கு ரேங்க் பட்டியல் வருகிறது. சந்தேகம் கேட்க ஒரு வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது; அதில் கேட்டால் எல்லாப் பெற்றோரும் பார்ப்பார்கள் என்பதால் இதுவரை யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை. எல்லாருக்கும் எல்லாமே புரிகிறது. கோரஸ் கட்டைவிரல் பொம்மையாக வந்து விழுகிறது.

அதனால் என் பேத்தி யாருக்கும் தெரியாமல் டியூஷனுக்குப் போகிறாள். மருமகன் வீட்டுக்குப் பின்னால் பனியன் கம்பெனிக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள்; அதில் ஒரு வாசலில், பகலில் செக்கிங் வேலைக்குப் போகிற ஒரு அக்கா சாயங்காலம் பாடம் சொல்கிறாள். 2021 அக்டோபரில் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியபோது, கொரோனாவில் பள்ளிக்கூடத்தையே மறந்துபோன பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலராகச் சேர்ந்தவள். பழக்கம் விடவில்லை என்கிறாள். ஓவர்லாக் டைலரின் பிள்ளை, கைமடிக்கிற அம்மாவின் பிள்ளை, பீகாரிலிருந்து வந்த அயர்ன் மாஸ்டரின் பிள்ளை என்று எல்லாரும் கட்டிங் வேஸ்ட் துணியில் தைத்த விரிப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருநாள் நானும் எட்டிப் பார்த்தேன். பீகார்ப் பையன் பின்னக் கணக்கில் முட்டிக்கொண்டு நின்றான். அக்கா ஒரு டி-ஷர்ட்டை விரித்து, முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை என்று பிரித்துக் காட்டினாள். அவன் தலையைச் சொறிந்துவிட்டு, “புரியல அக்கா,” என்றான், ஒரு பிசிறில்லாத தமிழில். “வா, மறுக்காப் பார்க்கலாம்,” என்று அவள் துணியைத் திரும்ப மடித்தாள். வாசலில் நின்ற எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது, முட்டிவலிதான் விடவில்லை.

பேத்தி அங்கே போவது மகளுக்குத் தெரியாது. “லைப்ரரிக்குப் போறேன்மா” என்று சொல்லிவிட்டு, சென்டரின் டி-ஷர்ட்டை மேலே ஒரு சட்டை போட்டு மறைத்துக்கொண்டு போகிறாள். எங்கள் குடும்பத்தில் கலைகள் அழிவதில்லை.

போன மாதம் சென்டரிலிருந்து முன்னேற்ற அறிக்கை வந்தது. வண்ணப் படங்களோடு எட்டுப் பக்கம். கணக்கு, பொது அறிவு, மொழி, நுண்ணறிவு என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் ‘தன்னம்பிக்கை’ என்று ஒரு கட்டம். அதில் ஐந்துக்கு மூன்றரை. மகள் கவலைப்பட்டாள். தன்னம்பிக்கைக்குத் தனியாக வாரக்கடைசி வகுப்பு இருக்கிறதாம், அதற்குத் தனிக் கட்டணமாம். பேத்தி அந்தக் கட்டத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்புச்சி, மீதி ஒன்றரை எதுக்குக் கொறைச்சாங்க?”

“எனக்கும் புரியல கண்ணு. போய் அவங்களையே கேளு.”

மறுநாள் போய்க் கேட்டிருக்கிறாள், இயக்குநரின் அறைக்கே, தனியாக. இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை என்றாராம் அவர். எதை வைத்து மார்க் போடுகிறார்கள் என்று கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்திருக்கிறார், அகப்படவில்லை. இந்த மாத அறிக்கையில் தன்னம்பிக்கைக்கு நாலரை.

மீதி அரைக்கு நாளைக்குப் போகிறாள்.